ஆஸ்கரின் ‘சிறந்த படம்’ எந்தப் படத்துக்குப் போயிருக்கவே கூடாது?

ஆஸ்கரில் ‘சிறந்த படம்’ வாங்கியவற்றில் அதற்குக் கொஞ்சமும் தகுதியில்லாதது எது, ‘ஷேக்ஸ்பியர் இன் லவ்’தானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்பேன். என் பதில் ‘கிராஷ்’. 2005-ஆம் ஆண்டுப் படங்களுக்காக 2006 மார்ச்சில் நடந்த விழாவில் விருது வாங்கிய படம் அது. நூலிழை வித்தியாசத்தில் அதற்கு அடுத்து நிற்பது 1952-ஆம் ஆண்டின் ‘தி கிரேட்டஸ்ட் ஷோ ஆன் எர்த்’.

இந்த விவாதம் எங்கே தொடங்கினாலும் ஒரு குழப்பத்தில் போய் மாட்டிக்கொள்கிறது. ‘தகுதியில்லை’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் ‘இதைவிடப் பெரிய படம் தோற்றுப்போனது’ என்ற அர்த்தத்தில்தான். இரண்டும் வேறு வேறு. 1941-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ‘சிட்டிசன் கேன்’ ஒன்பது பிரிவுகளில் பரிந்துரை பெற்று, திரைக்கதைக்கு மட்டும் ஒரே ஒரு விருதோடு திரும்பியது. ஜான் ஃபோர்டின் ‘ஹவ் கிரீன் வாஸ் மை வேலி’ சிறந்த படம் உட்பட ஐந்து வாங்கியது. தன்னைப் பார்த்துத்தான் அந்தக் கதாநாயகனைச் செய்திருக்கிறார்கள் என்று பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட் ‘கேன்’ மீது எவ்வளவு வன்மம் காட்டினார் என்பது எல்லோரும் அறிந்த கதை. அதனாலேயே ஃபோர்டின் படத்தைப் பார்க்காமலேயே அதைத் திட்டுகிறவர்கள் நிறைய.

பார்த்தவர்களுக்குத் தெரியும். வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்க ஊர் ஒன்றில் ஒரு குடும்பம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறுகிற கதை அது. அதில் ஒரு கல்யாணக் காட்சி வரும். மனத்துக்குப் பிடிக்காத பணக்கார வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டு மணப்பெண் தேவாலயத்தைவிட்டு வெளியே வருகிறாள். அவள் தலையிலிருந்து தொங்கும் வெள்ளைத்துணி காற்றில் அப்படியே மேலே எழுகிறது. வண்டி ஏறிப் போய்விடுகிறாள். எல்லோரும் கலைந்த பிறகு, பின்னால் வெகுதூரத்தில், மரத்தடியில் அவள் விரும்பிய பாதிரியார் தனியாக நிற்பது தெரிகிறது. அவர் முகத்தைக் கிட்டத்தில் காட்டவே இல்லை ஃபோர்டு. இப்படி ஒரு காட்சியை எடுத்த படத்துக்கு விருதே சேரக்கூடாது என்று என்னால் சொல்ல முடியாது. ‘கேன்’ அதைவிடப் பெரிய படம், அவ்வளவுதான்.

நீங்கள் சொன்ன ‘ஷேக்ஸ்பியர் இன் லவ்’ விஷயமும் கிட்டத்தட்ட இதேதான். 1998-இல் ‘சேவிங் பிரைவேட் ரயன்’ தோற்றது பலருக்கு இன்னும் ஆறாத கோபம். ஸ்பீல்பெர்க்குக்குச் சிறந்த இயக்குநர் விருதைக் கொடுத்துவிட்டு, படத்துக்கான விருதை மட்டும் வேறு பக்கம் திருப்பினார்கள். மிராமேக்ஸ் நிறுவனத்தின் ஹார்வி வைன்ஸ்டைன் அந்த வருடம் நடத்திய பிரசாரம், ஒரு தேர்தலுக்கு வேலை செய்வதுபோல இருந்தது. 2017-இல் அவர் மீது பாலியல் வன்முறைப் புகார்கள் வரிசையாக வெளிவந்த பிறகு அந்த வெறுப்பும் படத்தின் மீது படிந்துவிட்டது. ஆனால் பிரசாரம் செய்தவர் மீதுள்ள கோபத்தைப் படத்தின் மீது காட்டுவது நியாயமில்லை. டாம் ஸ்டாப்பார்டும் மார்க் நார்மனும் எழுதிய அந்தத் திரைக்கதையை எடுத்துப் படித்துப் பாருங்கள். மேடையில் நடக்கும் நாடகமும் மேடைக்குப் பின்னால் நடக்கும் காதலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே போகும். எங்குமே தையல் பிரியாது. நகைச்சுவைப் படம் என்பதாலேயே அதைத் தட்டில் இலேசாக எடைபோட்டுவிடுகிறோம். நார்மண்டிக் கடற்கரையில் தொடங்கும் அந்த முதல் இருபது, இருபத்தைந்து நிமிடப் போருக்கு நானும் ‘ரயனு’க்குத்தான் வாக்களித்திருப்பேன். அதற்காக வென்ற படத்தைத் தகுதியற்றது என்று சொல்லமாட்டேன்.

நம் ஊரில் இந்தப் பேச்சு வந்தால் ‘காந்தி’யும் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’உம் வராமல் இருக்காது. 1982-இல் ‘காந்தி’ எட்டு விருதுகளை அள்ளியது. ஆடை வடிவமைப்புக்காக பானு அதையா வாங்கியதுதான் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் ஆஸ்கர். தோற்றவற்றில் ‘இ.டி.’யும் ஒன்று. அந்த விருது ‘இ.டி.’க்குத்தான் போயிருக்க வேண்டும் என்று இயக்குநர் ரிச்சர்டு அட்டன்பரோவே பின்னாளில் சொன்னார். எனக்கும் அதே எண்ணம்தான். படத்தின் பின்பாதி பாடப்புத்தகத்தைப் புரட்டுவதுபோல நகர்கிறது. ஆனால் பென் கிங்ஸ்லி வயதாக ஆக எப்படி நடக்கிறார், உட்காரும்போது உடம்பை எப்படி மடிக்கிறார் என்று மட்டும் கவனித்துக்கொண்டு ஒருமுறை பாருங்கள். அந்த உழைப்புள்ள படத்தைக் கடைசி வரிசைக்குத் தள்ள முடியாது. ‘ஸ்லம்டாக்’ பற்றி நீட்டத் தேவையில்லை. ஏ.ஆர். ரகுமான் இரண்டு விருதுகளோடு மேடையில் நின்று ‘எல்லாப் புகழும் இறைவனுக்கே’ என்று தமிழில் சொன்ன இரவு அது, அந்த மகிழ்ச்சி நமக்கு எப்போதும் உண்டு. அந்த வருடத்தின் உண்மையான பிழை வென்ற படத்தில் இல்லை, பரிந்துரைப் பட்டியலில் இருந்தது. ‘தி டார்க் நைட்’டும் ‘வால்-ஈ’யும் அந்த ஐந்துக்குள் வரவே இல்லை. அதற்கு எழுந்த சத்தத்தையடுத்து 2009-இல் பட்டியலைப் பத்தாக்கினார்கள்.

அப்படியானால் எந்த அளவுகோலை வைத்து ஒரு படத்தைத் தகுதியற்றது என்பது? தான் எடுத்துக்கொண்ட காரியத்தைத் தானே செய்து முடிக்காத படம், அந்தக் காரியத்தைச் செய்து முடித்த இன்னொரு படம் அதே பட்டியலில் பக்கத்திலேயே நிற்கும்போது விருதை வாங்கினால், அதுதான் தகுதியற்ற வெற்றி. பக்கத்தில் நின்ற படம் வாக்களிப்பவர்களைச் சங்கடப்படுத்தியதால்தான் அவர்கள் இந்தப் பக்கம் நகர்ந்தார்கள் என்றால் பிழை இரட்டிப்பாகிறது.

1952-இல் நடந்தது இதுதான். செசில் பி. டிமில்லின் ‘தி கிரேட்டஸ்ட் ஷோ ஆன் எர்த்’ இரண்டரை மணி நேர சர்க்கஸ் படம். நிஜமான ரிங்லிங் சர்க்கஸ் கம்பெனியை வைத்தே எடுத்தார்கள். கூடாரம் தூக்குவது, யானைகள் இழுப்பது, ஊர்வலம் என்று நீண்ட பகுதிகள் விவரணப் படம்போல ஓடும், டிமில்லே பின்னணியில் பேசுவார். கதை நடுநடுவே ஒட்டவைத்ததுபோல வரும். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் படம் முழுக்கக் கோமாளி வேஷத்தைக் கலைக்காமலேயே நடித்திருப்பது நல்ல யோசனை. கடைசியில் வரும் ரயில் விபத்து சின்ன வயதில் பார்த்தால் மறக்காது. ஸ்பீல்பெர்க்கே தான் முதன்முதலில் பார்த்த படம் இது என்று சொல்லி, ‘தி ஃபேபல்மன்ஸ்’ படத்தில் அந்த விபத்தைப் பார்த்து அரண்டுபோகும் சிறுவனைக் காட்டினார். ஆனால் இரண்டரை மணி நேரத்தில் மனத்தில் நிற்பவை இந்த இரண்டும்தான்.

அதே பட்டியலில் ‘ஹை நூன்’ இருந்தது. 85 நிமிடப் படம். பழிவாங்க ஒருவன் நண்பகல் ரயிலில் வருகிறான். ஊர்க்காவல் அதிகாரி துணைக்கு ஆள் கேட்டு வீடு வீடாக அலைகிறார். எல்லோரும் ஒவ்வொரு காரணம் சொல்லி ஒதுங்குகிறார்கள். படத்தில் ஓடும் நேரமும் நாம் உட்கார்ந்திருக்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றே. சுவர்க் கடிகாரங்கள் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். மணி நெருங்கும்போது, காலியான தெருவில் நிற்கும் அந்த அதிகாரியின், அதாவது நாயகன் கேரி கூப்பரின் முகத்திலிருந்து கேமரா பின்வாங்கி, மேலே மேலே எழும்பிப் போகும். ஊர் முழுக்க இருக்கிறது, மனுஷன் ஒருவர்கூட இல்லை என்பது அந்த ஒரே ஷாட்டில் விளங்கிவிடும்.

இதை எழுதிய கார்ல் ஃபோர்மன், படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே அமெரிக்க நாடாளுமன்றத்தின் கம்யூனிச எதிர்ப்பு விசாரணைக் குழுவால் அழைக்கப்பட்டவர். யார் பெயரையும் காட்டிக்கொடுக்க மறுத்தார், கறுப்புப் பட்டியலில் ஏறினார், இங்கிலாந்துக்குப் போய்விட்டார். கதவைச் சாத்திக்கொள்ளும் அந்த ஊர் எந்த ஊர் என்று ஹாலிவுட்டில் எல்லோருக்கும் புரிந்தது. எதிர்முகாமில் நின்ற டிமில்லோ 1950-இல் இயக்குநர்கள் எல்லோரும் தாங்கள் கம்யூனிஸ்டுகள் அல்ல என்று விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்று சங்கத்துக்குள் போராடியவர். 1953 மார்ச்சில், முதன்முறையாகத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான விழாவில், விருது அவர் படத்துக்குப் போனது. 1914 முதல் படம் எடுத்துவந்த மூத்தவருக்கு மரியாதை செய்ததாகச் சிலர் சமாதானம் சொல்வார்கள். அந்த மரியாதைக்கென்றே தால்பெர்க் விருதை அன்றிரவே அவருக்குத் தனியாகக் கொடுத்திருந்தார்கள். ‘ஹை நூன்’ அமெரிக்காவுக்கு விரோதமான படம் என்று நினைத்த நடிகர் ஜான் வெய்ன்தான், வராத கேரி கூப்பருக்காக மேடையேறிச் சிறந்த நடிகர் விருதை வாங்கிக்கொண்டார். இந்த ஜான் வெய்ன் பெயரை மறந்துவிடாதீர்கள், திரும்ப வரும்.

அப்படியும் டிமில்லின் படத்தை நான் இரண்டாம் இடத்தில்தான் வைக்கிறேன். சர்க்கஸ் காட்டுகிறேன் என்று சொன்னது, சர்க்கஸ் காட்டியது. அதற்கு மேல் எதையும் அது சொல்லிக்கொள்ளவில்லை.

‘கிராஷ்’ அப்படியில்லை. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் இனவெறி எப்படி வேலை செய்கிறது என்று காட்டப்போவதாகச் சொல்லித்தான் தொடங்குகிறது. இயக்குநர் பால் ஹாகிஸ் திறமையானவர், அதற்கு முந்தைய வருடம் விருது வாங்கிய ‘மில்லியன் டாலர் பேபி’யின் திரைக்கதை அவருடையதுதான். ஒருமுறை அவருடைய காரையே துப்பாக்கி முனையில் பறித்துக்கொண்டு போயிருக்கிறார்கள், அந்த அனுபவத்திலிருந்து பிறந்த கதை இது. விமர்சகர் ரோஜர் ஈபர்ட் அந்த வருடத்தின் முதல் படமாக இதைத்தான் வைத்தார். ஆக, ரசனையில்லாதவர்கள் தூக்கிவிட்ட படம் என்று ஒரே வரியில் தள்ளிவிட முடியாது.

நானும் முதல்முறை பார்த்தபோது கலங்கித்தான் போனேன். பூட்டுத் தொழிலாளி ஒருவர். துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயந்து கட்டிலடியில் படுத்திருக்கும் சின்ன மகளுக்கு, குண்டு துளைக்காத மாய அங்கி ஒன்று தன்னிடம் இருப்பதாகச் சொல்லி, காற்றிலிருந்து அதை எடுத்து அவள் கழுத்தில் முடிச்சுப் போட்டுவிடுகிறார். பிறகு ஒரு நாள், தன் கடை சூறையாடப்பட்டதற்கு இவர்தான் காரணம் என்று நம்பும் ஈரானியக் கடைக்காரர் வாசலில் வந்து துப்பாக்கியை நீட்டுகிறார். அப்பாவிடம் அங்கி இல்லையே என்று குழந்தை ஓடிவந்து அவர் மேல் தாவுகிறாள். துப்பாக்கி வெடிக்கிறது. அப்பாவின் வாய் திறக்கிறது, சத்தம் நமக்குக் கேட்பதில்லை. பிறகுதான் துப்பாக்கியில் இருந்தது வெற்றுத் தோட்டா என்று தெரிகிறது.

இரண்டாம்முறை பார்த்தபோது அதே காட்சி எனக்குக் கோபத்தை வரவழைத்தது. கடைக்காரருக்குக் கடையில் தோட்டா வாங்கிக் கொடுத்த அவருடைய மகளுக்கு அது வெற்றுத் தோட்டா என்று முன்பே தெரியும். படத்துக்கும் தெரியும். நம்மிடம் மட்டும் அதை ஒளித்துவைத்து, ஒரு குழந்தை செத்துவிட்டதாக நம்மை நம்பவைத்து, அழவைத்து, அப்புறம் உயிரோடு கையில் கொடுக்கிறார்கள். துடித்தது நிஜம், துடிக்கவைத்த கை நேர்மையாக இல்லை.

இந்த நேர்மைக் குறைவுதான் படம் முழுக்க. ஒரு வெள்ளைக்காரப் போலீஸ்காரர் ஒரு கறுப்பினத் தம்பதியின் காரை நிறுத்தி, சோதனை என்ற பெயரில், கணவன் கண்ணெதிரே மனைவியின் உடம்பைத் தடவுகிறார். மறுநாளே அதே பெண் கவிழ்ந்த காருக்குள் சிக்கிக்கிடக்கிறார், பெட்ரோல் ஒழுகுகிறது, உயிரைப் பணயம் வைத்து உள்ளே ஊர்ந்து போகிறவர் அதே போலீஸ்காரர். இசை உயர்கிறது, காட்சி மெதுவாகிறது, அந்தப் பெண் மீட்கப்படுகிறார். முந்தைய நாள் நடந்த குற்றத்தைப் பற்றி அதற்கப்புறம் படத்துக்குப் பேச்சே இல்லை. இன்னொரு பக்கம் நல்லவராகவே வரும் இளம் போலீஸ்காரர், பாக்கெட்டில் கைவிட்ட ஒரு கறுப்பின இளைஞனைப் பதறிச் சுட்டுவிடுகிறார். கெட்டவருக்கு ஒரு நல்ல காரியம், நல்லவருக்கு ஒரு கெட்ட காரியம். மளிகைக்கடைப் பற்றுவரவு நோட்டில் நேர்செய்வதுபோல எல்லோர் கணக்கையும் நேர்செய்துவிடுகிறார்கள். இத்தனை லட்சம் பேர் வாழும் ஊரில் அதே பத்துப் பன்னிரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டே இருப்பதும் அந்தக் கணக்கு நேராக வேண்டும் என்பதற்காகத்தான்.

இதனால் என்ன ஆகிறது என்றால், இனவெறி என்பது கோபம் வரும்போது வாயில் வந்துவிடுகிற கெட்ட வார்த்தை, எல்லோரிடமும் கொஞ்சம் இருக்கிறது, ஒரு விபத்தோ ஒரு கட்டியணைப்போ நடந்தால் கரைந்துபோகும் என்று படம் சொல்லிவிடுகிறது. காவல்துறை, அரசு வழக்கறிஞர் அலுவலகம், பதவிக்காக உண்மையை மூடுவது என்று ஒரே ஒரு கிளைக்கதை மட்டும் இதைத் தாண்டிப் போகிறது, டான் சீடல் வரும் பகுதி. படத்தின் முதிர்ந்த பகுதி அதுதான். அங்கே அதிக நேரம் நிற்காமல் கடந்துவிடுகிறார்கள். அதே டான் சீடல்தான் படத்தின் முதல் நிமிடத்திலேயே, இந்த ஊரில் மனிதர்கள் ஒருவரையொருவர் தொடுவதே இல்லை, அந்த ஏக்கத்தில்தான் மோதிக்கொள்கிறோம் என்று படத்தின் கருத்தை நம் கையில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்.

அந்த வருடம் பக்கத்தில் நின்றது ஆங் லீயின் ‘புரோக்பேக் மவுண்டன்’. 1963-இல் வயோமிங் மலையில் ஆடு மேய்க்கப்போன இரண்டு இளைஞர்கள் காதலிக்கிறார்கள், அதை வெளியே சொல்ல முடியாமல் இருபது வருடம் வாழ்கிறார்கள். ‘கிராஷ்’ஷில் எல்லோரும் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள், இதில் யாருமே எதையும் சொல்வதில்லை. இருவரில் ஒருவனான என்னிஸாக வரும் ஹீத் லெட்ஜர் பேசும்போது வார்த்தைகள் பல்லுக்குப் பின்னாலேயே நின்றுவிடும்.

அவன் காதலன் ஜாக் இறந்த பிறகு என்னிஸ் அவனுடைய பெற்றோர் வீட்டுக்குப் போகிறான். மாடியில் அவனுடைய பழைய அறை. அலமாரியின் ஓர் இடுக்கில் ஒரு சட்டை தொங்குகிறது. மலையில் ஒருநாள் இருவரும் கட்டிப்புரண்டபோது வழிந்த ரத்தம் கைப்பகுதியில் காய்ந்திருக்கிறது. சட்டைக்குள் இன்னொரு சட்டை, கைக்குள் கை நுழைத்து. உள்ளே இருப்பது தன்னுடையது, மலையிலேயே தொலைந்துபோய்விட்டது என்று என்னிஸ் நினைத்திருந்த சட்டை. அதை முகத்தில் வைத்துக்கொள்கிறான். கீழே இறங்கி வரும்போது ஜாக்கின் அம்மா ஒன்றும் கேட்காமல் ஒரு காகிதப் பையை எடுத்து நீட்டுகிறார். கடைசிக் காட்சியில் அந்த இரண்டு சட்டைகளும் என்னிஸின் அலமாரிக் கதவில் தொங்குகின்றன. இப்போது ஜாக்கின் சட்டை உள்ளே, என்னிஸின் சட்டை வெளியே. எப்போது மாற்றினான் என்று படம் காட்டவில்லை. யாரும் அதைச் சுட்டிக்காட்டிப் பேசவும் இல்லை. பார்க்கிறவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

வெனிஸ் திரைப்பட விழாவின் தங்கச் சிங்கம், கோல்டன் குளோப், பிரிட்டனின் பாஃப்டா, தயாரிப்பாளர் சங்கம், இயக்குநர் சங்கம் எல்லாம் ‘புரோக்பேக்’கைத் தேர்ந்தெடுத்திருந்தன. ‘கிராஷ்’ கோல்டன் குளோபின் சிறந்த படப் பட்டியலில்கூட இல்லை. ஆஸ்கர் இரவில் ஆங் லீக்கு இயக்குநர் விருதைக் கொடுத்தார்கள். உறையைப் பிரித்து ‘கிராஷ்’ என்று வாசித்த ஜாக் நிக்கல்சனின் முகத்திலேயே வியப்பு தெரிந்தது. 2015-இல் ஹாகிஸே ஒரு பேட்டியில், அந்த வருடத்தின் சிறந்த படம் தன்னுடையது என்று தான் நினைக்கவில்லை என்று சொன்னார்.

எப்படி நடந்தது என்பதற்குச் சில காரணங்கள் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கின்றன. ‘கிராஷ்’ஷை வெளியிட்ட லயன்ஸ்கேட் நிறுவனம் அதன் டிவிடியை மூட்டை மூட்டையாக அனுப்பியது, நடிகர் சங்க உறுப்பினர்களுக்கு மட்டுமே ஒரு லட்சத்துக்கும் மேல். வாக்காளர்களில் பெரும்பாலோர் லாஸ் ஏஞ்சலஸ்வாசிகள், அவர்கள் ஊரைப் பற்றிய படம் அது. அப்போது ஐந்து படங்கள், ஒருவருக்கு ஒரு வாக்கு, அதிகம் வாங்கியது வெல்லும். ஐந்தும் கிட்டத்தட்டச் சமமாகப் பிரிந்தால் 20 சதவீதத்துக்குச் சற்று மேலே வாங்கினாலே போதும். வாக்கு எண்ணிக்கையை ஆஸ்கரை வழங்கும் அகாதெமி வெளியிடுவதில்லை.

2009-லிருந்து முறை மாறிவிட்டது. இப்போது எல்லாப் படங்களையும் வரிசைப்படுத்த வேண்டும். யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் கடைசிப் படத்தை நீக்கிவிட்டு, அதை முதலாவதாக வைத்தவர்களின் அடுத்த விருப்பத்துக்கு அந்த வாக்குகளை மாற்றுவார்கள். பலருக்கு இரண்டாம், மூன்றாம் விருப்பமாக இருக்கும் படம் இதில் மேலே வந்துவிடும். 2018-இல் ‘ரோமா’வைத் தாண்டி ‘கிரீன் புக்’ வென்றதில் இதற்குப் பங்குண்டு என்பது என் கணிப்பு. கறுப்பினப் பயணிகள் எந்த ஊரில் எங்கே பாதுகாப்பாகத் தங்கலாம் என்று 1936 முதல் வெளிவந்த ஒரு கையேட்டின் பெயரைத் தலைப்பாக வைத்துக்கொண்டு, அந்தக் கையேட்டைப் பற்றி அதிகம் பேசாமல் வெள்ளைக்கார ஓட்டுநரின் மனமாற்றத்தைச் சொன்ன படம் அது. 1989-இல் ‘டிரைவிங் மிஸ் டெய்சி’ வென்ற வருடத்தில் ஸ்பைக் லீயின் ‘டு தி ரைட் திங்’ பட்டியலுக்குள்ளேயே வரவில்லை. 2018-இலும் அவர் படம் தோற்றது. யாரோ யாரையோ காரில் வைத்து ஓட்டும்போதெல்லாம் தான் தோற்றுப்போவதாக அன்றிரவு அவர் சொன்னார். ஆனாலும் ‘கிரீன் புக்’கில் மகர்ஷலா அலியும் விக்கோ மார்டென்சனும் காருக்குள் இருக்கும் நேரத்தில் இரண்டு உயிருள்ள மனிதர்கள் தெரிகிறார்கள். ‘கிராஷ்’ஷின் மனிதர்கள் கருத்தைச் சுமக்க வந்தவர்கள்.

இன்னொரு காரணத்தைக் கேட்டால் வருத்தமாக இருக்கும். 2006-இல் சில மூத்த வாக்காளர்கள் ‘புரோக்பேக்’கைப் பார்க்கவே இல்லை, பார்க்கவும் மாட்டோம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் எர்னஸ்ட் போர்க்னைன், 1955-இல் ‘மார்ட்டி’ என்ற அருமையான படத்துக்காகச் சிறந்த நடிகர் விருது வாங்கியவர். ஜான் வெய்ன் உயிரோடு இருந்திருந்தால் கல்லறையில் புரண்டு படுப்பார் என்றார் அவர். ‘ஹை நூன்’ தோற்று ஐம்பத்து மூன்று வருடம் கழித்தும் அதே ஜான் வெய்ன் வந்து நிற்கிறார்.

ஒரு பிரிவில் இறுதி வாக்குப் போட வேண்டுமானால் அந்தப் பிரிவில் பரிந்துரையான எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும் என்ற விதியை அகாதெமி 2025 ஏப்ரலில்தான் அறிவித்தது.